மெரூன் கார்பெட்டில் வெறுங்கால்

அத்தியாயம் 5

குத்தவாளிக்கு வேர்க்கும், வாய் குழறும், கண்ணு தரையை விட்டு எழும்பாது. மூணும் கோகிலன் அண்ணன்கிட்ட இருந்துச்சு. அதனால அன்னிக்குக் காலையில, கடைக்குள்ள கால் வச்ச கையோட நான் கேஸை முடிச்சுட்டேன்.

"அக்கா, வாங்க பசியாறப் போவோம். இவர்தான்"னேன்.

"யுகா, வாயை மூடு"ன்னாங்க ரூபினி அக்கா.

அக்கா இன்சூரன்ஸ் கம்பெனியில காடி மோதின, அதாவது கார் விபத்து, கேஸ்களைத் துருவிக்கிட்டு இருந்தவங்க. பொய் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போய், வேலையை விட்டுட்டு பினாங்கு ஸ்திரீட்டுல ஒரு பூக்கடைக்கு மேல துப்பறியும் ஆபீஸ் போட்டாங்க. நான் யுகேந்திரன், அசிஸ்டன்ட். டிரைவர், போட்டோ எடுக்கிறவன், டீ வாங்குறவன், திட்டு வாங்குறவன் எல்லாம் நானேதான்.

எங்களைக் கூப்பிட்டுவிட்ட கோகிலன் அண்ணனுக்கு ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னால குஷன் கடை. காடிக்கு சீட்டு தைப்பார், கூரைத் துணி ஒட்டுவார், கார்பெட் போடுவார். பழைய காடி வச்சிருக்கிறவங்க தீவு முழுக்க இவரைத் தேடித்தான் வருவாங்க. வந்தாங்கன்னு சொல்லணும். போன வெள்ளிக்கிழமைக்கு அப்புறம், தைக்கக் கொடுத்த சீட்டைக் கூட அரைகுறையாத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

நடந்தது இதுதான். கிரீன் லேன் அப்புத்துரை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தன்னோட பழைய மோரிஸ் மைனருக்குப் புது கார்பெட் போடச் சொல்லி இங்க விட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோகிலன் அண்ணன் கடையைச் சாத்திட்டுக் கோயிலுக்குப் போயிருக்கார். தைப்பூச விரதம், இந்த வருஷம் காவடி எடுக்கிறார். திரும்பி வந்தா காடியைக் காணோம். அதே நேரத்துல பசார் முனையில ஆப்பம் சுடுற ரமணி அக்காவை அந்தக் காடி இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிருச்சு. கொட்டுற மழை. ஓட்டினவன் முகத்தை ஒருத்தரும் பார்க்கல. பின் தெருவுல காடி மட்டும் அனாதையா நின்னுச்சு. ரமணி அக்காவுக்குக் கால் எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்காங்க.

காடி யார் கையில இருந்துச்சோ அவர்தானே ஓட்டியிருக்கணும்? போலிஸ் கோகிலன் அண்ணனைப் பிடிச்சு ஜாமீன்ல விட்டிருக்கு. மறுநாள் காலையில கோர்ட்டுல குத்தம் சாட்டப் போறாங்க. அது கூடப் பரவாயில்லை. கோயில் கமிட்டியில கூடிப் பேசி, "இந்த வருஷம் நீ காவடி எடுக்க வேணாம்"னு ஆள் விட்டுச் சொல்லியிருக்காங்க. அதைச் சொல்லும்போது மனுஷனுக்கு முகம் கறுத்துப் போச்சு.

"சாவி எங்க இருந்துச்சு?" அக்கா கேட்டாங்க.

"என் இடுப்புல, மேடம். கோயில்லயும் இடுப்புலதான். மழையில அங்க என்னைப் பார்த்தேன்னு சொல்லத்தான் ஆளில்ல."

"அப்போ வேற யார் ஓட்ட முடியும்? ஒத்துக்கிட்டா மனசு லேசாகும்ணே"ன்னு நான் நடுவுல பூந்தேன்.

"நான் ஓட்டல, தம்பி." அவர் தரையைப் பார்த்தார். "ஆனா என் மேல தப்பே இல்லன்னும் சொல்ல முடியல."

"கேட்டீங்களா அக்கா? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்!"

"என்ன தப்பு கோகிலன்?"

"ஒண்ணுமில்ல மேடம்." அதுக்கு மேல வாயைத் திறக்கல. ஊசியும் நூலுமா இருக்கிறவர் வாயையும் சேர்த்துத் தைச்சுக்கிட்டார்னு நினைச்சேன். நல்லவேளை, அதைச் சத்தமாச் சொல்லல.

காடி கடைக்குப் பக்கத்துல, தகரக் கூரைக்குக் கீழ நின்னுச்சு. போலிஸ் வெளியில படம் எடுத்துட்டு, இழுத்துட்டு வந்து முன்ன நின்ன இடத்துலயே விட்டுருச்சு. பால் நிறக் காடி, முன் மட்கார்டு மட்டும் நசுங்கியிருந்துச்சு. அக்கா கதவைத் திறந்தாங்க. உள்ள மெரூன் கலர்ல புதுக் கார்பெட். அலமாக், என்ன அழகு! ஓரம் எல்லாம் தோல் வச்சுத் தைச்சு, கியர் கம்பியைச் சுத்தி ஒரு சுருக்கம் இல்லாம உட்கார்ந்திருந்துச்சு. டிரைவர் பக்கம் மட்டும் வேலை முடியல. ஆக்சிலேட்டர் பெடலைச் சுத்தி வெட்டுறதுக்காக சாக்பீஸால ஒரு கோடு போட்டபடியே கிடந்துச்சு.

"யுகா, என்ன தெரியுது?"

"கார்பெட்டு தெரியுது."

"மண்ணு தெரியுதா?"

குனிஞ்சு பார்த்தேன். சுத்தமா இருந்துச்சு. என் காலைப் பார்த்தேன். அந்தச் சந்துல ரெண்டு அடி நடந்ததுக்கே சிலிப்பர்ல அப்பம் மாதிரி சேறு. மழை நாள்ல ஏறினவன் காலடியில ஒரு துளி சேறு இல்லாமப் போகுமா?

"சாக்பீஸ் கோட்டைப் பாரு."

கோடு ஒரு இடத்துல அழிஞ்சிருந்துச்சு. பட்டையா இல்ல, புள்ளி புள்ளியா. ஒண்ணு பெருசு, பக்கத்துல நாலு சிறுசு.

"கால் விரல்!"

"வெறுங்காலோட ஓட்டியிருக்கான்"னாங்க அக்கா. "இப்போ சொல்லு. காடி திருட வர்றவன் செருப்பைக் கழட்டிட்டா ஏறுவான்?"

"சாமி கும்பிட வந்தவனா இருப்பான் லா."

அக்கா சிரிக்கல. எனக்கு வேற ஒண்ணுக்கு முட்டுச்சு. அண்ணன்கிட்ட கக்கூஸ் எங்கன்னு கேட்டேன், தகரக் கூரைக்குப் பின்னாலன்னார். என் சிலிப்பர் சேறா இருந்ததால சுவரோரமாக் கிடந்த ஒரு ஜோடியை மாட்டிக்கிட்டுப் போனேன். கடிச்ச கடி இருக்கே, அப்பப்பா. தோல் செருப்பு, மழையில நனைஞ்சு காய்ஞ்சு விறைச்சுக் கிடந்துச்சு. நொண்டி நொண்டி வந்து நின்னா, அக்கா என் முகத்தைப் பார்க்கல. காலையே பார்த்தாங்க.

"இது யாரோடது?"

"கக்கூஸ் சிலிப்பர் அக்கா."

"கட்டைவிரல் வளையம் வச்ச தோல் செருப்பை யாருடா கக்கூஸுக்குப் போடுவா? கோகிலன், உங்க கக்கூஸ் சிலிப்பர் எது?"

"உள்ள நீலக் கலர்ல ஜப்பான் சிலிப்பர் கிடக்கும் மேடம். இது யாரோ கஸ்டமர் மறந்துட்டுப் போனதுன்னு ஓரமாத் தள்ளி வச்சேன்."

"செருப்பை மறந்துட்டு வெறுங்காலோட வீட்டுக்குப் போற கஸ்டமர் எத்தனை பேர் உங்களுக்கு?"

அக்கா செருப்பு கிடந்த சுவரையும் காடியோட டிரைவர் கதவையும் மாறி மாறிப் பார்த்தாங்க. கதவைத் திறந்தா, காலை எடுத்து வைக்கிற இடம் அதேதான்.

"கழட்டு யுகா."

"அக்கா... நான் ஆதாரத்தை மாட்டிக்கிட்டு ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டேன்."

"ஊருக்கே சொல்லு."

பிளாஸ்டிக் பையில செருப்பைப் போட்டுக்கிட்டே அக்கா பேசினாங்க. "திருடனுக்குக் காடிதான் முக்கியம், கார்பெட் இல்ல. இவன் செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஏறியிருக்கான். புதுக் கார்பெட் அழுக்காகக் கூடாதுன்னு யாருக்கு மனசு அடிச்சுக்கும்?"

கோகிலன் அண்ணன் மெதுவா நிமிர்ந்தார். "அப்புத்துரை சார் வீட்டுல அப்படி ஒரு சட்டம் உண்டு மேடம். காடியைக் கொண்டு வந்து விட்டப்போ, 'செருப்போட யாரும் ஏற வேணாம், அப்பா சொல்லச் சொன்னார்'னு மகன் ஸ்ரீகரன் சொன்னார்."

எனக்கு மண்டையில மணி அடிச்சுச்சு. "மகன்தான்! வீட்டுல ரெண்டாவது சாவி இருக்கும். எடுத்து ஓட்டியிருக்கான், இடிச்சதும் போட்டுட்டு ஓடிட்டான். திரும்பி வந்து செருப்பை எடுக்கலாம்னா, அதுக்குள்ள இங்க கூட்டம் கூடிருச்சு. அக்கா, இப்பவாவது பசியாறலாமா?"

"வாங்க கோகிலன், நீங்களும்தான்."

"நானா? அந்த வீட்டு வாசல்ல நான் எந்த மூஞ்சியோட மேடம் நிப்பேன்?"

"நிக்கத்தான் கூப்பிடுறேன்"னாங்க அக்கா.

கிரீன் லேன் வீட்டுல கோகிலன் அண்ணன் கேட்டைத் தாண்டி உள்ள வர மாட்டேன்னுட்டார். வெயில்ல, மதில் ஓரமா, தலையைக் குனிஞ்சு நின்னார். ரோட்டுல போன ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அவரை அடையாளம் கண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனார்.

வாசல்ல நாங்க செருப்பைக் கழட்டினோம். அக்கா பையிலிருந்து அந்தத் தோல் செருப்பை எடுத்து, எங்க செருப்புக்குப் பக்கத்துல, வெளியே பார்த்த மாதிரி வச்சாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள உதட்டுல விரலை வச்சுக் காட்டிட்டு உள்ள போயிட்டாங்க.

பெரியவர் அப்புத்துரை நெத்தி நிறைய விபூதி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ"ன்னு அக்காவைக் கூப்பிட்டார். பக்கத்துல நின்ன என்னைக் கண்டுக்கவே இல்ல. நான் இருமினதும்தான், "அட, தம்பியும் வந்திருக்கிறீரோ"ன்னார். பெரிய மனுஷன், நம்மையெல்லாம் எங்க பார்ப்பார்னு விட்டுட்டேன். டீ ஊத்தினப்போ கோப்பை நிரம்பித் தட்டுல வழிஞ்சுச்சு. மகன் ஸ்ரீகரன் துடைச்சுவிட்டார். ஆள் வாட்டசாட்டமா இருந்தார், பத்து காவான்ங்கிற ஊர்ல ஒரு ஃபேக்டரியில மேனேஜர். நான் அவர் பாதத்தையே அளவெடுத்துக்கிட்டு இருந்தேன்.

"காடிக்கு ரெண்டாவது சாவி இருக்கா சார்?" அக்கா கேட்டாங்க.

"இருக்கு. என் மேசை டிராயர்ல. லாக் பண்ணி வச்சிருக்கேன்"னார் ஸ்ரீகரன்.

"பழைய காடி சாவிக்கு எதுக்கு லாக்?"

அவர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "சும்மாதான்."

எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அக்கா காலை மிதிச்சேன். அவங்க திருப்பி மிதிச்சாங்க.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்?"

"ஓவர்டைம். ஃபேக்டரியிலதான் இருந்தேன்."

"அங்கிள், நீங்க?"

"கோயிலுக்குப் போனனான் பிள்ளை."

"கோகிலன்தான் ஓட்டினார்னு போலிஸ்ல நீங்க சொன்னீங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை." பெரியவர் குரல் கொஞ்சம் உயர்ந்துச்சு. "கார் கோகிலன்ட கடையில நிண்டது எண்டுதான் சொன்னனான். அது உண்மைதானே?"

"உண்மைதான் அங்கிள்"னு அக்கா சட்டுனு எழுந்துட்டாங்க. "நாங்க கிளம்புறோம்."

எனக்குப் பகீர்னுச்சு. இவ்வளவுதானா? முதல் டீயே இன்னும் முடியல.

விருந்தாளியை வாசல் வரைக்கும் வந்து அனுப்புறது நம்ம ஆளுங்க வழக்கம். ஸ்ரீகரன் முன்னால வந்தார். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அவர் காலைப் பார்த்தேன். தோல் செருப்பைத் தாண்டி, தூரமாக் கிடந்த ரப்பர் செருப்பைத் தேடி மாட்டினார். என் தியரி அங்கயே செத்துப் போச்சு.

அவருக்குப் பின்னால பெரியவர் வந்தார். ஒரு கை கதவு நிலையைப் பிடிச்சிருந்துச்சு. கீழ குனிஞ்சே பார்க்கல. வலது கால் படியைத் தடவுச்சு, தோல் செருப்பைத் தொட்டுச்சு, கட்டைவிரல் தானா வளையத்துக்குள்ள போச்சு. அப்புறம் இடது கால். என்னைக் கடிச்ச அந்தச் செருப்பு அவர் காலுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி உட்கார்ந்துச்சு.

முதல்ல பேசினது ஸ்ரீகரன்தான்.

"அட, கோயில்ல தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே அப்பா! கிடைச்சிருச்சா?"

பெரியவர் அப்போதான் தலையைக் குனிஞ்சு, தேடித் தேடித் தன் காலைப் பார்த்தார்.

"எங்க எடுத்தனீங்கள் பிள்ளை?"

"கோகிலன் கடையில. டிரைவர் கதவு பக்கத்துல"ன்னாங்க அக்கா.

அவர் படியிலேயே உட்கார்ந்துட்டார். எத்தனையோ பேரைப் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்ச தலைமையாசிரியர், தன் வீட்டு வாசப்படியில முகத்தைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்தார். எனக்கு எங்க பார்க்கிறதுன்னே தெரியல.

"கண் தெரியேல்லைப் பிள்ளை. ரெண்டு பக்கமும் இருட்டு. நடுவில ஒரு வட்டம் மட்டும்தான். டாக்டர் கார் ஓடக் கூடாது எண்டவர். அதுதான் இவன் சாவியைப் பூட்டி வச்சவன். செத்துப்போன என்ர மனுசி புஷ்பராணியின்ர சாவி சாமி அறையில கிடந்தது, அது இவனுக்குத் தெரியாது." மூச்சு வாங்கினார். "கார்பெட் முக்கால்வாசி போட்டாச்சு எண்டு கோகிலன் சொன்னவர். பார்க்க ஆசையாக் கிடந்தது. பஸ்ஸில போனன். கடை பூட்டி. ஏறி இருந்து பார்ப்பம் எண்டுதான் ஏறினனான். காலுக்கு மெத்தெண்டு இருந்தது. ஒரே ஒரு ரவுண்டு எண்டு நினைச்சன்."

"அப்பா!"ன்னார் ஸ்ரீகரன்.

"ஏதோ தட்டினது தெரிஞ்சது. நிக்கப் பயந்துபோனன். அடுத்த தெருவில காரை விட்டிட்டு, வெறுங்காலோட பஸ்ஸில வந்தனான். தைப்பூச விரதம் எண்டு நினைச்சு ஒரு பொடியன் எழும்பி எனக்கு இடம் தந்தவன். நான் இருந்தன், பிள்ளை. வெக்கமில்லாமல் இருந்தன்." கண்ணைத் துடைச்சார். "கோகிலன் காவடி எடுக்கக் கூடாது எண்டு கமிட்டியில கை தூக்கினவங்கள். நான் தூக்கேல்லை. ஆனா தலைவர் கதிரையில இருந்து பார்த்துக்கொண்டு இருந்தன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்வாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேட்டுதான் இருந்துச்சு. அந்தக் கேட்டைத் தள்ளிக்கிட்டுக் கோகிலன் அண்ணன் உள்ள வந்தார். எல்லாத்தையும் கேட்டிருக்கார். இப்போ பிடிபிடின்னு பிடிக்கப் போறார், பிடிக்கட்டும்னு நான் ஒதுங்கி நின்னேன்.

அவர் பெரியவர் முன்னால வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னார்.

"சார், ஒரு விஷயம். பெடல் கிட்ட கார்பெட்டை நான் இன்னும் வெட்டல. தடிச்ச கார்பெட்டு, அழுத்தின பெடல் அதுல மாட்டிக்கிட்டா திரும்பி வராது. வெட்டி முடிச்சுட்டுக் கோயிலுக்குப் போயிருக்கணும். நேரமாச்சேன்னு விட்டுட்டுப் போயிட்டேன். யார் ஓட்டியிருந்தாலும் அதுலதான் மாட்டியிருக்கும், ரமணி அக்கா கால் என்னாலதான் போச்சுன்னு எனக்குச் சோறு இறங்கல. அதைத்தான் இவங்ககிட்டச் சொல்ல வாய் வரல."

எனக்குச் சுருக்குன்னு தைச்சுச்சு. காலையில அவர் தரையைப் பார்த்ததை வச்சு நான் தீர்ப்பு எழுதிட்டேன். அவர் பார்த்தது அந்தக் கார்பெட்டை.

ஸ்ரீகரன் பாய்ஞ்சு வந்தார். "கேட்டீங்களா? பெடல் ஜாம் ஆயிருக்கு! அவரே ஒத்துக்கிறார்! அப்பா, பெடல்தானே மாட்டுச்சு? மாட்டுச்சுன்னு சொல்லுங்க. கண்ணைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. தெரியாம நடந்த ஆக்சிடென்ட்டுன்னு போயிரும்!"

கோகிலன் அண்ணன் மறுக்கல. அந்தப் பழியையும் வாங்கிக்கத் தயாரா தலையைக் குனிஞ்சார். பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிச்சுது. ஒரு வார்த்தை சொன்னா போதும், பெரியவர் பேரு பாதியாவது பிழைக்கும். சத்தியமாச் சொல்றேன், சொல்லிருவார்னுதான் நான் நினைச்சேன்.

பெரியவர் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தார்.

"இல்லை ஸ்ரீ. பெடல் மாட்டேல்லை."

"அப்பா, யோசிச்சுச் சொல்லுங்க!"

"யோசிக்க என்ன கிடக்கு? கார்பெட்டில ஒரு பிழையும் இல்லை. பிரேக் பிடிச்சது, கார் சொல்லுக் கேட்டது. நான் ரமணியைக் காணேல்லை. அவ என்ர இருட்டுக்குள்ள நிண்டவ." கோகிலன் அண்ணன் இருந்த பக்கம் முழு முகத்தையும் திருப்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "உம்மட வேலை நல்ல வேலை, கோகிலன். என்ர வேலைதான் கேவலம்."

"ஐயோ சார், வேணாம் சார்." அண்ணன் அந்தக் கையைப் பிடிச்சு இறக்கினார். அவருக்கும் கண்ணு கலங்கிருச்சு. "உங்க கையால நான் கும்பிடு வாங்கக் கூடாது."

"வாங்க வேணும். கோயிலிலயும் எல்லாருக்கும் முன்னால வாங்க வேணும். காவடி நீர் எடுக்கிறீர். நான் அந்தக் கதிரையில இருக்க மாட்டன்." அக்கா பக்கம் திரும்பினார். "பிள்ளை, முதல்ல ரமணியைப் பார்க்கவோ, போலிஸுக்குப் போகவோ?"

"முதல்ல போலிஸ் அங்கிள். நாளைக்குக் காலையில இவரைக் கோர்ட்டுல நிக்க வைப்பாங்க. அப்புறம் நானே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

எங்க காடி ஒரு பழைய மைவி. தரையெல்லாம் மண்ணு, பிஸ்கட் தூள், போன மாசத்துப் பார்க்கிங் சீட்டு. அக்கா முன்னால ஏறினாங்க. பெரியவர் பின் கதவைத் தடவிப் பிடிச்சார். ஏறுறதுக்கு முன்னால குனிஞ்சு, செருப்பைக் கழட்டி, ரெண்டையும் ஒழுங்காச் சேர்த்து ரோட்டுல வச்சுட்டு, வெறுங்காலோட என் குப்பைக்குள்ள காலை வச்சார்.

வேற நாளா இருந்தா இதுக்கு நான் பத்து ஜோக் அடிச்சிருப்பேன். அன்னிக்கு அவர் காலடியில இருந்த பிஸ்கட் தூளைக் கையால கூட்டித் தள்ளினேன். கோகிலன் அண்ணனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, "அண்ணே, காலையில பேசினதுக்கு மன்னிச்சிருங்க"ன்னேன். அவர் என் தோளைத் தட்டிட்டு, பெரியவர் பக்கத்துல போய் உட்கார்ந்தார்.

நான் எஞ்சினைப் போட்டேன். கேட்டுக்குள்ள கல்லு மாதிரி நின்ன ஸ்ரீகரன் திடீர்னு ஓடி வந்தார். ரோட்டுல கிடந்த செருப்பை எடுத்து, தன் சட்டையாலயே தூசியைத் துடைச்சு, அப்பா காலடியில வச்சார்.

"போட்டுக்குங்க அப்பா. ஸ்டேஷன்ல வெறுங்காலோட நிக்க வேணாம்."

பெரியவர் தலையாட்டினார். கால் மட்டும் செருப்பைத் தேடவே இல்ல. ஸ்ரீகரனும் ஏறி அப்பாவுக்கு அந்தப் பக்கம் நெருக்கிக்கிட்டு உட்கார்ந்தார், நான் காடியை எடுத்தேன்.